கொட்டகையில் நிற்கும் படை லாரி: வாசகர் கேள்வி-பதில்

பழைய இராணுவ வண்டிகளைப் பற்றிச் சென்ற மாதம் இப்பகுதியில் சில வரிகள் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுச் செட்டிநாட்டு ஊர்களிலிருந்து கடிதங்கள் வந்திருக்கின்றன. பெயரை வெளியிட வேண்டாம் என்று பலரும் கேட்டுக்கொண்டதால் ஊர்ப் பெயரை மட்டும் குறிப்பிட்டுப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: உலகப் போர் முடிந்த பிறகு எங்கள் ஐயா ஏலத்தில் எடுத்த லாரி ஒன்று, பொதுவீட்டின் பின்புறக் கொட்டகையில் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அசையாமல் நிற்கிறது. மூக்கு குட்டையாக இருக்கிறது; முன்கண்ணாடி வழக்கத்துக்கு மாறாக உட்பக்கம் சாய்ந்திருக்கிறது. வீட்டில் எல்லோரும் அதை ‘டிஸ்போசல் லாரி’ என்றுதான் சொல்வோம். இது என்ன வண்டி? இதைப் புதுப்பிக்க முடியுமா? (தேவகோட்டை)

பதில்: நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால், அது கனடாவில் செய்யப்பட்டுப் போர்க்காலத்தில் இந்தியாவிலிருந்த படைகளுக்காகக் கப்பலில் வந்த லாரி. கனடியன் மிலிட்டரி பேட்டர்ன், சுருக்கமாகச் சி.எம்.பி., என்பது அதன் பெயர். கனடாவிலிருந்த ஃபோர்டு, செவர்லே ஆலைகள் இரண்டும் ஒரே படைத்துறை வரைபடத்தை வைத்துக்கொண்டு ஏறத்தாழ 4 லட்சம் வண்டிகளைச் செய்தன. ஆகவே வெளியிலிருந்து பார்க்கும்போது இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். பானெட்டைத் திறந்தால்தான் வேறுபாடு புலப்படும். ஆறு சிலிண்டர்கள் ஒரே வரிசையில் நின்றால் அது செவர்லேயின் 216 கன அங்குல எஞ்சின். திறன் 85 குதிரை. நான்கு நான்காக இரு பக்கமும் சாய்ந்து நின்றால் அது ஃபோர்டின் 239 கன அங்குல வி-8; திறன் 95 குதிரை. இரண்டும் இல்லாமல் டீசல் எஞ்சின் உட்கார்ந்திருந்தாலும் வியப்பில்லை. பெட்ரோல் செலவு கட்டுப்படியாகாமல் போன காலத்தில், சென்னை சிம்ப்சன் ஆலையில் செய்யப்பட்ட பெர்கின்ஸ் பி-6 போன்ற டீசல் எஞ்சின்களை இவ்வகை லாரிகளில் ஏற்றிக்கொண்டவர்கள் பலர்.

முன்கண்ணாடி உட்பக்கம் சாய்ந்திருப்பது, அதாவது மேல்விளிம்பு முன்னே துருத்தியும் கீழ்விளிம்பு ஓட்டுநர் பக்கம் உள்வாங்கியும் இருப்பது, வெயில் பட்டுக் கண்ணாடி மினுங்காமல் இருப்பதற்காகச் செய்த ஏற்பாடு. 13ஆம் எண் கேபின் என்று அழைக்கப்படும் பிற்கால அமைப்பில்தான் இது உண்டு. அதற்கு முந்தைய 11, 12ஆம் எண் கேபின்களில் கண்ணாடி நேராக நிற்கும். அடுத்து, முன்சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து பின்சக்கரத்தின் நடுப்புள்ளி வரை டேப் பிடித்து அளந்து பாருங்கள். 101 அங்குலம் வந்தால் அது 15 ஹண்ட்ரட்வெயிட், அதாவது முக்கால் டன் வண்டி. 134 வந்தால் நடுத்தர வகை. 158 வந்தால் மூன்று டன் நீள லாரி. செவர்லேயாக இருந்தால் அந்த நீள லாரிக்குச் சி-60-எல் என்று குறியீடு: முதல் எழுத்து ஆலையையும், எண் சுமையையும், கடைசி எழுத்து நீளத்தையும் குறிக்கும்.

கானாடுகாத்தான் பக்கத்தில் போர்க்கால விமான ஓடுதளம் இன்றும் கிடப்பதால், இந்த வட்டாரத்தில் பழைய லாரி எதைக் கண்டாலும் ‘ஏரோடிராமில் ஓடிய வண்டி’ என்று சொல்லிவிடுகிறார்கள். உங்கள் லாரியும் அப்படி இருந்திருக்கலாம். ஆனால் ஏலக் காகிதமோ வண்டியின் மேலுள்ள எழுத்தோ சாட்சி சொல்லாமல் அதை எழுதி வைக்காதீர்கள்.

அந்த எழுத்தைப் பற்றித்தான் உங்களிடம் முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். முப்பது ஆண்டுகளுக்கு முன் நான் முதன்முதலாக எடுத்துக்கொண்ட சி.எம்.பி. வண்டியின் இரண்டு கதவுகளையும், துருவை நீக்குவதற்காக மணல் அடிக்கும் பட்டறை ஒன்றில் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது கதவுகள் வெள்ளித் தகடுபோல மின்னின. ஒரு கதவின் கைப்பிடிக்கு அடியில் மட்டும், மணல் சரியாகப் படாத விரலகல இடத்தில், மேலே, வண்டி பின்னாளில் மரம் ஏற்றி ஓடிய காலத்துச் சிவப்பும், அதன் கீழே படைக்காலப் பச்சையும், அந்தப் பச்சையின் மேல் ஒரு வெள்ளை எழுத்தின் வால் நுனியும் எஞ்சியிருந்தன. அது எந்த எழுத்து, அதன்பின் என்ன எண் இருந்தது என்பதை இனி எவராலும் சொல்ல முடியாது. பட்டறைக்காரர் மேல் குற்றமில்லை. நான் கேட்ட வேலையைத்தான் அவர் செய்தார். ஆகவே, லாரியைத் தண்ணீர் விட்டுக் கழுவுவதற்கும் முன்பாக, டேஷ்போர்டிலும் எஞ்சின் மூடியிலும் உள்ள தகடுகளைப் படம் எடுங்கள். கதவு, டெயில்போர்டு, பம்பர் ஆகியவற்றில் உள்ளங்கை அளவு இடத்தை நனைத்த எமரித் தாளால் மெதுவாக வட்டமாகத் தேய்த்துக்கொண்டே போனால், ஒவ்வொரு பூச்சும் வளையம் வளையமாகத் தெரியவரும். அக்காலப் பெயிண்டில் ஈயம் உண்டு. எனவே உலர்ந்த நிலையில் தேய்க்காதீர்கள்; முகத்தை மூடிக்கொள்ளுங்கள்; குழந்தைகளை அருகில் விடாதீர்கள்.

புதுப்பிக்க முடியுமா என்றால், தாராளமாக முடியும். ஆனால் பொதுவீட்டில் நிற்கும் வண்டி என்கிறீர்கள். ஐயா பெயரில் உள்ள ஆர்.சி. புத்தகத்தை முதலில் தேடுங்கள். அது தொலைந்திருந்தால் மறுபிரதிக்குப் படிவம் 26, வாரிசு வழியில் பெயர் மாற்றுவதற்குப் படிவம் 31. பங்காளிகள் அனைவரின் சம்மதத்தையும் எழுத்தில் வாங்காமல் ஒரு நட்டைக்கூடக் கழற்ற வேண்டாம். பாதி பிரித்த நிலையில் வழக்கில் சிக்கி மழையில் நனையும் லாரிகளை இந்த வட்டாரத்திலேயே நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: எங்களிடமும் அதே வகை செவர்லே லாரி உள்ளது. பேட்டரி வைத்துப் பெட்ரோல் ஊற்றினால் ஒரே நாளில் ஓட்டிக் காட்டுகிறேன் என்று மெக்கானிக் ஒருவர் சொல்கிறார். செய்யலாமா? (புதுவயல்)

பதில்: வேண்டாம். அந்த 216 எஞ்சினில் பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடுகளின் பேரிங், இக்காலத்து வண்டிகளைப்போலக் கழற்றி மாற்றும் ஓடு அன்று. ராடிலேயே உருக்கி ஊற்றிக் கடைந்த ஒயிட் மெட்டல், அதாவது எளிதில் உருகும் மென்மையான உலோகக் கலவை. ராடுகளுக்கு ஆயில் அழுத்தத்தோடு துளை வழியாகப் போவதும் இல்லை. ராடின் அடியில் இருக்கும் சிறு கரண்டி, எஞ்சினின் அடித்தட்டான சம்ப்பில் உள்ள தொட்டியில் ஆயிலை மொண்டு மொண்டு தன் மேல் தெளித்துக்கொள்கிறது. நாற்பது ஆண்டு நின்ற வண்டியில் அந்தத் தொட்டிகளில் இருப்பது ஆயில் அன்று, கறுத்து இறுகிய வண்டல். அந்த நிலையில் எஞ்சின் ஐந்து நிமிடம் ஓடினாலும் ஒயிட் மெட்டல் உருகி வழிந்துவிடும்.

முறையாகச் செய்வதென்றால், ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு துளையிலும் சிறிது ஆயிலும் மண்ணெண்ணெயும் கலந்து விட்டு ஒரு வாரம் ஊறவையுங்கள். பிறகு கிராங்க் ஹேண்டிலைக் கையால் மட்டும் சுற்றிப் பாருங்கள், இறுகினால் நிறுத்திவிடுங்கள். சம்ப்பை இறக்கி, தொட்டிகளையும் ஆயில் குழாய்களையும் சுத்தம் செய்யுங்கள். பேரிங் மூடிகளுக்கிடையே காகிதம்போல மெல்லிய ஷிம் தகடுகள் இருக்கும். எந்த மூடியில் எத்தனை என்று எழுதி வைத்துக்கொண்டு, ஆட்டம் இருந்தால் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துச் சரிசெய்ய அந்த எஞ்சினிலேயே வழி வைத்திருக்கிறார்கள். ஒயிட் மெட்டல் ஊற்றிக் கடையத் தெரிந்த கைகள் கோயம்புத்தூரிலும் மதுரையிலும் இன்னும் இருக்கின்றன.

பெட்ரோல் டேங்கை எக்காரணம் கொண்டும் அப்படியே வெல்டிங்குக்குக் கொடுக்காதீர்கள். காலியான டேங்கில் தங்கும் ஆவிதான் வெடிக்கும். மேலும் இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரையும் கார்க்கையும் அரிக்கும் என்பதால், பம்பின் டயஃப்ரத்தையும் ஹோஸ்களையும் எத்தனாலைத் தாங்கும் ரப்பரில் மாற்றிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் பழைய படை வண்டியின் சக்கர நடுவில் இரண்டு வட்டமாக நட்டுகள் உள்ளன. பஞ்சர் கடையில் தொட மறுக்கிறார்கள். (கோட்டையூர்)

பதில்: அந்தக் கடைக்காரருக்கு நன்றி சொல்லுங்கள். அது இரண்டு பாதிகளைச் சேர்த்து முறுக்கிய டிஸ்க். ஒரு வட்டத்து நட்டுகள் சக்கரத்தை ஹப்பில் பிடிக்கின்றன; மற்ற வட்டத்து நட்டுகள் டிஸ்க்கின் இரு பாதிகளையும் ஒன்றோடொன்று பிடித்து, டயரிலுள்ள காற்றின் அழுத்தம் முழுவதையும் தாங்குகின்றன. காற்று இருக்கும்போது இரண்டாம் வட்டத்தைத் தளர்த்தினால் வெளிப்பாதி பீரங்கிக் குண்டுபோலப் பாயும், ஆளைக் கொன்றுவிடும். படையில் இதற்காகவே அந்த நட்டுகளுக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். வால்வின் உள்ஊசியைக் கழற்றிக் காற்று முழுவதும் போனதைக் கம்பி விட்டு உறுதிசெய்துகொண்ட பிறகே ஸ்பேனரை எடுக்க வேண்டும். உங்கள் வண்டியில் சிவப்பு போயிருந்தால் இன்றைக்கே அடித்து வையுங்கள்.

கேள்வி: 1944ஆம் ஆண்டு வில்லிஸ் ஜீப் என்று சொல்லி ஒருவர் பெருந்தொகை கேட்கிறார். உண்மையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (கண்டனூர்)

பதில்: முதலில் முகத்தைப் பாருங்கள். போர்க்கால ஜீப்பின் முன்கிரில்லில் 9 இடைவெளிகள். பிற்காலத்தில் மஹிந்திரா இங்கே செய்த குடிமக்கள் ஜீப்பில் 7. ஆனால் கிரில்லை வெட்டி ஒட்ட ஒரு டிங்கருக்கு அரை நாள் போதும் என்பதால் அதோடு நின்றுவிட வேண்டாம். ரேடியேட்டருக்கு அடியில் குனிந்து சேஸிஸின் முதல் குறுக்குச் சட்டத்தைத் தடவிப் பாருங்கள். உருண்டைக் குழாயாக இருந்தால் வில்லிஸ். கவிழ்த்த தொட்டிபோல மடித்த தகடாக இருந்தால் ஃபோர்டு. ஃபோர்டு ஆலை தன் பாகங்களில் மட்டுமல்ல, போல்ட்டின் தலையில்கூடத் தன் ‘எஃப்’ எழுத்தைப் பொறித்திருந்தது. மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தால் மிளகளவு எழுத்து தெளிவாகத் தெரியும். ஹெட்லைட் கீலில் திரும்பி எஞ்சின் பக்கம் வெளிச்சம் காட்டினால் அதுவும் போர்க்கால அடையாளம். பின் ஆக்சில், கியர்பாக்ஸ் இரண்டும் குடிமக்கள் ஜீப்பிலிருந்து மாற்றப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். அதனால் வண்டி பயனற்றது என்று ஆகிவிடாது. விலையைக் குறைத்துக் கேட்கலாம், அவ்வளவுதான்.

கேள்வி: என்னுடைய போர்க்கால ஜீப்புக்கு வீல் பேரிங், பிரேக் வீல் சிலிண்டர், ஸ்டியரிங் பாக்ஸின் பக்க மூடி ஆகிய மூன்றும் கிடைத்தால் வேலை முடிந்துவிடும். மதுரையிலும் சென்னையிலும் கேட்டுவிட்டேன். ‘அந்த வண்டிக்கெல்லாம் இப்போது சாமான் வருவதில்லை’ என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். (பள்ளத்தூர்)

பதில்: உங்களுடையதைப்போன்ற கடிதங்கள்தாம் அதிகம் வருகின்றன. வண்டியின் பெயரைச் சொல்லிக் கேட்டால் உலகம் முழுவதும் இதே பதில்தான் கிடைக்கும். பாகத்தின் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

உங்கள் பழைய பேரிங்கை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பல்துலக்கும் பிரஷ்ஷால் கிரீஸை நீக்கி, வெயிலில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். உள்வளையத்தின் அகன்ற பக்கத்து ஓரத்தில் 18590 என்றும், ஹப்பில் இறுகியிருக்கும் வெளிவளையத்தில் 18520 என்றும் பொறித்திருக்கும். இவை ஜீப்புக்கென்று தனியாக இட்ட எண்கள் அல்ல. டிம்கென் என்ற பேரிங் நிறுவனத்து வரிசையின் பொது எண்கள். போர்க்காலத்தில் இருந்த அதே எண்ணில் அதே பேரிங்கை இன்றும் செய்கிறார்கள். காரைக்குடியில் எந்த பேரிங் கடையிலும் இந்த எண்ணை எழுதிக் கொடுத்தால் சில நாட்களில் வரவழைத்துத் தருவார்கள். அரிய பாகம் என்று மக்கள் அலைந்து தேடுவதில் பெரும்பகுதி இப்படிக் கண்ணெதிரே அலமாரியில் இருப்பதுதான் என்பது என் அனுபவம். ஆயில் சீலுக்கும் இதே வழி: உள்விட்டம், வெளிவிட்டம், கனம் என்ற மூன்று அளவுகள் போதும்.

வீல் சிலிண்டரில் கெட்டுப்போவது உட்சுவர் மட்டுமே. லேத்துப் பட்டறையில் உள்ளே போரிங் செய்து, பித்தளையிலோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலோ ஸ்லீவ் இறக்கிப் பழைய அளவுக்கே மெருகிட்டால், புதிதைவிட நீண்ட நாள் உழைக்கும். ரப்பர் கப்பை உள்விட்டத்தின் அங்குல அளவைச் சொல்லி வாங்குங்கள். பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருப்பதால் அதன் தூளை வாயால் ஊதவோ காற்றடித்துப் போக்கவோ கூடாது. ஈரத் துணியால் துடைத்தெடுங்கள்.

பக்க மூடி வார்ப்பிரும்பு. உடைந்த மூடியையே ஒட்டி அச்சாக வைத்து வார்த்தால், புதியது சற்றுச் சிறுத்துப்போகும். ஏனென்றால் வார்ப்பிரும்பு ஆறும்போது நூற்றுக்கு ஏறத்தாழ ஒரு பங்கு சுருங்கும். எனவே மரத்தில் அந்த அளவு பெரிதாகவும், கடைந்தெடுக்க வேண்டிய முகங்களில் இன்னும் சிறிது கூடுதலாகவும் அச்சுச் செய்து, கோயம்புத்தூர் வார்ப்பாலைகளில் கொடுங்கள். ஒன்றை மட்டும் வார்க்கத் தயங்குவார்கள். இதே வண்டி வைத்திருக்கும் வேறு நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டால் மனமுவந்து செய்து தருவார்கள்.

போல்ட் விஷயத்தில்தான் நம் பட்டறைகள் மிகுதியும் தவறுகின்றன. நாலு நூல் போல்ட், அதாவது அரை அங்குலம் என்றால் எல்லாம் ஒன்று என்று நினைத்துவிடுகிறார்கள். அமெரிக்க, கனடிய வண்டிகளில் அரை அங்குலத்தில் கரடு மரை அங்குலத்துக்கு 13, மென்மரை 20. பிரிட்டிஷ் வண்டிகளில் விட்வொர்த் மரை 12, அதன் மென்மரை 16. மரையின் கோணமும் 60 பாகைக்குப் பதிலாக 55. 13 மரை வேண்டிய துளையில் 12 மரை போல்ட்டை இரண்டு சுற்று முறுக்கும்வரை ஏறும்; அதற்குமேல் ஸ்பேனரில் பலம் கொடுத்தால் எண்பது ஆண்டு தாங்கிய வார்ப்பின் மரை நொறுங்கிவிடும். மரையை அளக்கும் திரெட் கேஜ் ஒன்று வாங்கிச் சட்டைப்பையிலேயே வைத்திருங்கள். முட்டைச் சுண்ணாம்புச் சுவரில் சிமெண்டைப் பூசி, ஐந்தாண்டில் அதுவும் அடிச்சுவரோடு பெயர்ந்து வந்ததைப் பார்த்த ஊர்க்காரர்களுக்கு இதை விரித்துச் சொல்லத் தேவையில்லை.

உண்மையிலேயே அரிதானவற்றுக்கு, அதாவது கேஜ்கள், விளக்குக் கூடுகள், கேபின் தகடுகள், டிரான்ஸ்ஃபர் பாக்ஸ் கியர்கள் போன்றவற்றுக்கு, நேரில் போய்த்தான் தேட வேண்டும். சென்னைப் புதுப்பேட்டை, கோயம்புத்தூர் உக்கடம், டெல்லி மாயாபுரி ஆகிய இடங்களில் கிடைக்கலாம். ஜீப்புக்கென்றால் வடக்கே மண்டி டப்வாலி. இடுக்கி மலைப்பக்கத்தில் மரம் இழுத்த பழைய படை லாரிகளை வைத்திருந்தவர்களிடம் ஸ்பேர்கள் தங்கியிருப்பதுண்டு. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளையும் விட்டுவிடாதீர்கள். இனாமல் தூக்குகளுக்கும் பெல்ஜியம் கண்ணாடிகளுக்கும் இடையில், ஆண்டு எண்ணும் படைத்துறை முத்திரையும் பொறித்த 20 லிட்டர் ஜெர்ரி கேன் ஒன்றை நான் அங்கேதான் எடுத்தேன். எங்கே போனாலும் உடைந்த பாகத்தைக் கையோடு கொண்டு போங்கள். முடியாவிட்டால் ஸ்கேலைப் பக்கத்தில் வைத்து எடுத்த படம். அமெரிக்கப் படை வெளியிட்ட டி.எம். 9-803 என்ற ஜீப் கையேடு கிடைத்தால் பாதி அலைச்சல் மிச்சம்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. ஒரு கேஜுக்காகவோ ஒரு கியருக்காகவோ, முழுமையாக நிற்கும் இன்னொரு வண்டியை விலைக்கு வாங்கிப் பிரித்துவிடாதீர்கள்.

கேள்வி: ஜீப்புக்கு ஆலிவ் கிரீன் அடித்து, அம்புக்குறி போட்ட நம்பர் பலகை வைக்க ஆசை. (ஆத்தங்குடி)

பதில்: இரண்டும் கூடாது. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989, விதி 121இன்படி பாதுகாப்புத் துறைக்குச் சொந்தமானவை தவிர வேறு எந்த வண்டிக்கும் ஆலிவ் கிரீன் நிறம் அடிக்க அனுமதியில்லை. அம்புக்குறிப் பலகையும் படைக்கே உரியது. உள்ளே, எவரும் பார்க்காத இடங்களில் எஞ்சியிருக்கும் பழைய பச்சையைச் சுரண்டாமல் அப்படியே காப்பாற்றி, வெளியே மணல் நிறமோ வேறு மங்கிய நிறமோ அடியுங்கள். ஐம்பது ஆண்டு கடந்து, பெரிய மாற்றம் எதுவும் செய்யப்படாத வண்டிகளுக்கு 2021இல் தனிப் பதிவு முறை வந்தது: எண்ணில் வி.ஏ. என்ற எழுத்துகள், முதல் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்தாண்டுச் செல்லுபடி, வாடகைக்கு ஓட்டக்கூடாது. அது இருசக்கர வண்டிகளுக்கும் கார், ஜீப் வகைப் பயணியர் வண்டிகளுக்கும் உரியது என்பதால், சரக்கு லாரி வைத்திருப்பவர்கள் வழக்கமான பதிவையே கைவிடாமல் புதுப்பித்துவர வேண்டும்.

கேள்வி: இராணுவ ஏலத்தில் சக்திமான் லாரி அல்லது ஜோங்கா ஜீப் எடுக்க விரும்புகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்? (திருமயம்)

பதில்: காகிதத்தைக் கவனியுங்கள். மத்திய அரசு நிறுவனமான எம்.எஸ்.டி.சி. நடத்துவது போன்ற மின்னேலங்களில் வரும் பட்டியலில், வண்டி ‘ஸ்கிராப்’ என்று விற்கப்படுகிறதா, ஓட்டத் தக்க வண்டியாக விற்கப்படுகிறதா என்பதுதான் முதல் கேள்வி. ஸ்கிராப்பாக எடுத்ததைப் பதிவு செய்ய முடியாது. பதிவுக்குப் படிவம் 20உடன், முன்னாள் இராணுவ வண்டி என்பதற்கு உரிய அதிகாரி படிவம் 21இல் தரும் அசல் விற்பனைச் சான்று கட்டாயம். அது கையில் வராமல் முழுப் பணத்தையும் கட்டிவிட்டு நிற்காதீர்கள். சக்திமான், ஜெர்மனியின் எம்.ஏ.என். உரிமத்தில் ஜபல்பூரில் செய்யப்பட்டது. எல்லாம் மெட்ரிக் மரை, மெட்ரிக் ஸ்பேனர். ஜோங்காவோ நிசான் பேட்ரோலின் வழிவந்தது. அதன் ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் 3,956 சி.சி. இருப்பதால் தினசரி ஓட்டத்துக்கு எடுத்தால் கை கடிக்கும். இரண்டில் பாகங்கள் எளிதாகக் கிடைப்பது சக்திமானுக்கே என்று நினைக்கிறேன். வைத்து நிறுத்த இடம் இருக்கிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அப்பச்சி ஓட்டிய போர்க்கால லாரியை, பழைய வீடு ஒன்றை ஓட்டலாக மாற்றியவர்கள் முகப்பில் நிறுத்துவதற்காகக் கேட்கிறார்கள். எங்களால் புதுப்பிக்கச் செலவழிக்க முடியாது. கொடுத்துவிடலாமா? (கானாடுகாத்தான்)

பதில்: கொடுக்கலாம், ஆனால் விற்காமல் ஒப்பந்தத்தின் பேரில் கொடுங்கள். எஞ்சினை எடுத்துவிட்டுப் பூந்தொட்டி வைப்பது, தரையோடு வெல்டிங் செய்வது, கேபினை வெட்டி விற்பனை மேடையாக்குவது ஆகியவை கூடாது என்று எழுதி வாங்குங்கள். ரேடியேட்டர் நீரையும் டேங்க் பெட்ரோலையும் வடித்துவிட்டு, சேஸிஸுக்குக் கீழே கட்டை கொடுத்து டயர் தரையில் படாமல் நிறுத்தச் சொல்லுங்கள். மேலே ஓடோ தகரமோ கூரை வேண்டும், ஏனென்றால் ஐப்பசி மழை கேபின் மூலைகளில் தேங்கினால் மூன்றே பருவத்தில் தரைத் தகடு ஓட்டையாகிவிடும். வண்டி வீட்டை விட்டுப் போகும் நாளன்று, டேஷ்போர்டுத் தகட்டின் மேல் வெள்ளைத் தாளை வைத்து, மென்மையான பென்சிலால் பக்கவாட்டில் தேய்த்து, எண்கள் அனைத்தும் தாளில் எழும்பிய பிறகு அந்தத் தாளை ஆர்.சி. புத்தகத்தோடு சேர்த்து வீட்டுப் பெட்டகத்தில் வையுங்கள்.